அல்போன்சுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி

தருமபுரம், காரைக்கால்
20 ஜூன் 1982

சலோமிக்கு,

உன் கடிதம் வந்து சில நாட்கள் ஆகின்றன. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் தாமதம். இங்கே நல்ல வெயில். ஏனாமில் இன்னும் அதிகம் என்று செய்தித்தாளில் பார்த்தேன். மோர் குடி.

சொல்லும்படியாக ஒரு செய்தி உண்டு. பதினாலு ஜூலை, பிரெஞ்சு தேசிய நாளுக்கு, பட்டாளத்து பென்ஷன்காரர்கள் வழக்கமாகக் கொடியேற்றி, மெடல் குத்திக்கொண்டு, பிரெஞ்சு கீதம் பாடுவார்கள் அல்லவா? இந்த வருடம் கடற்கரைத் திடலில் படமும் காட்டப்போகிறார்கள். பிரெஞ்சுப் படம். புதுச்சேரியிலிருந்து டப்பாக்கள் வந்துவிட்டன. தமிழில் எழுத்து எதுவும் ஓடாது. ஆகவே ஒருவர் மைக் பிடித்து, படம் ஓட ஓடக் கதை சொல்லவேண்டும். சங்கத் தலைவர் முசே சூசைமுத்து வீட்டுக்கே வந்து கேட்டார். மறுத்துப் பார்த்தேன். "சைகோன்ல பொறந்து வளந்த பொண்ணு நீங்க இருக்கறப்ப, நான் வேற யார்கிட்ட போவேன் மத்மசேல்?" என்றார். நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பொண்ணு என்று சொல்ல இந்த ஊரில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். ஒப்புக்கொண்டேன்.

படத்தின் பெயரில் துறைமுகம் என்ற சொல் இருக்கிறது. மீன்பிடித் தொழில் பற்றியது என்று நினைத்து அவர்தான் தேர்ந்தெடுத்தாராம். முன்கூட்டியே பார்த்துக் குறிப்பு எடுக்கவேண்டும் என்பதால் பகலில் வீட்டிலேயே போட்டோம். எங்கள் கல்லூரி பிரெஞ்சுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஞானசௌந்தரிக்கு புரொஜெக்டர் ஓட்டத் தெரியும். கூடத்தின் மேற்குச் சுவர் ஒன்றுதான் வெள்ளையாக இருக்கிறது. உன் அலமாரியை உன் அறைக்குள் தள்ளிவிட்டு அந்தச் சுவரில் பார்த்தோம்.

படம் மீன்பிடித் தொழில் பற்றியதில்லை. மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் அம்மாவுடன் வேலை செய்யும் ஒதில் என்ற பெண், பதினேழு வயது. அவளுக்கும் ஊர் டாக்டரின் மகள் க்ளேருக்கும் இடையே நடப்பதுதான் கதை. என்ன நடக்கிறது என்று உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பையன்கள் யாரும் கதையில் இல்லை. கடைசியில் க்ளேரை அவள் அப்பா ரயிலேற்றி அனுப்பிவிடுகிறார். ஒதில் முடியை வெட்டிக்கொண்டு துறைமுகச் சாலையில் சைக்கிளில் தனியாகப் போகிறாள். அவ்வளவுதான்.

முடிந்ததும் சற்று நேரம் இருவரும் பேசவில்லை. ஞானசௌந்தரி விளக்கைப் போட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. என் கண்ணை நான் பார்க்கவில்லை.

உன் இடமாற்றம் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. ஒரு வருடம்தான் என்று சொல்லித்தான் உன்னை ஏனாமுக்கு அனுப்பினார்கள். வருடம் முடிந்துவிட்டது. தெரியப்படுத்து.

ஜெயமேரி


ஏனாம்
28 ஜூன் 1982

அன்புள்ள ஜெயா,

"தாமதம். மோர் குடி. தெரியப்படுத்து." கல்வித்துறைச் சுற்றறிக்கையில்கூட இதைவிட ஈரம் இருக்கும். ஆனால் அதே கடிதத்தில் ஒரு பெண்ணின் கண் சிவந்திருந்ததை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறாய்.

யார் இந்த ஞானசௌந்தரி? எந்த ஊர்? என்ன வயது? கல்யாணம் ஆனவளா? புரொஜெக்டர் ஓட்டத் தெரியும் என்கிறாய், சமைக்கத் தெரியுமா? பகலில் படம் பார்க்க ஜன்னலையெல்லாம் அடைத்திருப்பீர்கள். ஜூன் வெயிலில், நம் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பெண்களைப் பற்றிய படம். நடுவில் இடைஞ்சலாக இருந்தது என் அலமாரி. அதைத் தள்ளியாயிற்று. நல்லது.

போன வருடம் நான் பஸ் ஏறியபோது நீ பஸ் நிலையத்துக் கடிகாரம் சரியாக ஓடவில்லை என்று பேசிக்கொண்டிருந்தாய். நினைவிருக்கிறதா? சுவரில் ஓடும் இரண்டு பெண்களுக்காக உன்னால் பேசாமல் உட்கார முடிகிறது.

இங்கே என் செய்தி. பக்கத்து வீட்டு வரலட்சுமி எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. எனக்குத் தெலுங்கு வராது, அவளுக்குத் தமிழ் வராது. தலைவலி என்று நெற்றியைத் தொட்டால் போதும், உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். கோங்குரா என்று நம் புளிச்சக்கீரையைத் துவையல் அரைத்துத் தருகிறாள். மோர் குடி என்று எழுதி அனுப்புவதில்லை, கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

இடமாற்றம் கேட்டாயே, கேள். எனக்குத் தலைமையாசிரியை பதவி தருகிறார்களாம், இன்னும் மூன்று வருடம் ஏனாமிலேயே இருக்கச் சம்மதித்தால். வேண்டாம் என்றால் இப்போதிருக்கும் பதவியிலேயே காரைக்கால் வரலாம். ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதித் தரவேண்டும். நான் என்ன எழுதட்டும்? எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். உனக்கு என்ன வேண்டும் என்று நீ சொல். ஒரு தடவையாவது நீ சொல்.

அது இருக்கட்டும், அந்தப் படத்தை நம் ஊர் ஜனங்களுக்கு எப்படிச் சொல்லப்போகிறாய்? மைக்கில்? நீயா? கேட்க ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

சலோமி


தருமபுரம், காரைக்கால்
16 ஜூலை 1982

சலோமிக்கு,

உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில். ஞானசௌந்தரி புதுச்சேரிப் பெண், வயது இருபத்தாறு, திருமணம் ஆகவில்லை, சமையல் சுமார். இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாள். தலைக்கு எண்ணெய் தேய்ப்பதும் ஓவிய ஆசிரியையின் பணிகளில் சேரும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

படம் காட்டியாயிற்று. எப்படிச் சொன்னேன் என்று கேட்டிருந்தாய்.

திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் பென்ஷன்காரர்களும் மற்ற ஆண்களும். பெண்கள் துணிக்குப் பின்னால் மணலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் படம் இடம் வலமாகத் தெரியும், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நம் வீட்டுக்கார அமுதம்மா சுண்டல் பொட்டலத்தோடு முதல் வரிசையில் இருந்தாள். கடல் காற்றில் துணி உப்பி உப்பி அடங்கியது. நான் மைக்கோடு கம்பத்தின் ஓரம், இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்றேன்.

படகுத்துறையில் ஒதில் க்ளேரின் முகத்தை இரு கையாலும் பிடித்து உதட்டில் முத்தமிடும் இடம் வந்தது. முன்னால் யாரோ விசிலடித்தார்கள். பின்னால், "என்னாடி இது?" என்று ஒரு குரல். "தோழிகள்" என்று குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். அந்த இடத்தில் அந்தச் சொல் நிற்காது என்று தெரிந்துவிட்டது. அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "க்ளேர், ஒதிலோட அண்ணனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு. அண்ணியா வரப்போறவ. அந்தப் பிரியம்" என்றேன்.

அப்பாடா என்று ஒரு மூச்சு இரண்டு பக்கமும் கேட்டது. "இப்படி ஒரு நாத்தனா எந்த ஊருல கெடைப்பா? எனக்கு வாச்சவ கரண்டியாலதான் முத்தங் குடுத்தா" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு.

பிறகுதான் சங்கடம். அண்ணனைக் காட்டவேண்டுமே. "அந்த அண்ணங்காரன் எப்ப வருவான் டீச்சர்?" என்று அமுதம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தபால்காரர் வந்தால், "இவன்தானா?" டாக்டர் வந்தால், "இவன்தான்டி." "ஏ, அது பொண்ணோட அப்பன்டி." பாதிரியார் வந்தபோதும் ஒருத்தி விடவில்லை. "ஆளு நல்லா வாட்டசாட்டமா இருக்கானே." "சாமியாருடி அது, கன்னத்துல போட்டுக்க." அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒதில் அழுதுகொண்டே தனியாக சைக்கிளில் போகிறாள். அழுகைக்குக் காரணம் வேண்டும். "சைகோன்லேருந்து தந்தி வந்துருச்சு. அண்ணன் இல்ல" என்றேன்.

பின்பக்கம் முழுவதும் மூக்குச் சிந்தும் சத்தம். முன்னால் பென்ஷன்காரர்கள் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களுக்கு பிரெஞ்சு தெரியும் என்பதை நீ கவனிக்கவேண்டும். ஒதில் தன் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்பதை அவர்கள் காதால் கேட்டவர்கள். ஒருவரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. முடிந்ததும் முசே சூசைமுத்து என் கையைப் பற்றி, "நல்லா சமாளிச்சீங்க மத்மசேல்" என்றார்.

ஞானசௌந்தரி ரீலைச் சுற்றிக்கொண்டே, "அம்மாகிட்ட அவ சொன்னத நீங்க சொல்லவே இல்லையே மேடம்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அமுதம்மா, "நம்ம சலோமி டீச்சரத்தான் நெனச்சுகிட்டேன். அதுவும் இப்படித்தான ஒண்டியா நிக்கிது" என்று மறுபடி அழுதாள்.

பதவி பற்றி: உன் வேலை, உன் முடிவு. நான் சொல்லி நீ செய்தாய் என்று பின்னால் ஆகக்கூடாது.

ஜெயமேரி


ஏனாம்
24 ஜூலை 1982

ஜெயா,

சாமியார் வரைக்கும் சிரித்தேன். சத்தம் போட்டுச் சிரித்ததில் வரலட்சுமி எட்டிப் பார்த்தாள். சைகோன் என்ற சொல்லைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது.

மறுபடியும் அல்போன்சைக் கொன்றுவிட்டாய், இல்லையா?

1968-ல் அமுதம்மா வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டியோடு நின்றோம். "ரெண்டு பேருக்கும் என்னா ஒறவு?" என்று கேட்டாள். திருச்சி ஹாஸ்டலில் ஒரே அறையில் படித்தவர்கள் என்று சொல்வாய் என நினைத்தேன். நீ கண்ணிமைக்காமல், "இவ எங்க அண்ணன் அல்போன்சுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு. அண்ணன் சைகோன்ல தவறிட்டாரு. நாந்தான் இவளப் பாத்துக்கறேன்" என்றாய். உனக்கு அண்ணன் கிடையாது. தம்பியும் கிடையாது. நீ ஒற்றைப் பிள்ளை. ஒரு வாக்கியத்தில் எனக்கு ஒருத்தனை நிச்சயம் பண்ணி, அடுத்த வாக்கியத்தில் என்னைக் கைம்பெண்ணும் ஆக்கிவிட்டாய். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அன்றோடு முடிந்ததா? ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் கோயில் பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே புதைக்கப்படாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கமாம். "அல்போன்சுக்கு ஏத்தலையா சலோமி?" ஏற்றினேன். வருடா வருடம், பிறக்காத ஒருத்தனுக்கு. ஒரு வருடம் மழைத் தூறல், சுடர் நிற்கவே இல்லை. நீ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையைக் குவித்து அது அணையாமல் காத்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு கவலை! எனக்காக நீ எதையாவது அப்படிக் கை குவித்துக் காத்திருக்கிறாயா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

உன் ஞானசௌந்தரி மேல் எனக்குப் பொறாமைதான். மறைக்கவில்லை. ஆனால் அவள் நேற்று வந்தவள். இவன் பதினாலு வருடமாக நம் வீட்டில் இருக்கிறான். அவன் உயரம், அவன் ரெஜிமெண்ட், அவன் எப்படிச் சிரிப்பான் என்பதுவரை ஊருக்குச் சொல்லியிருக்கிறாய். அவன் பெயரைச் சொல்லும்போது உன் குரல் கூசுவதில்லை. என்னைப் பற்றி யாரிடமாவது ஒரு வாக்கியம், அவன் இல்லாமல், நீ சொன்னதுண்டா? ஊருக்கு நான் உன்னுடையவள் கிடையாது, அவனுடையவள். இல்லாத ஆம்பளையிடம் தோற்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பெண் அவள் அம்மாவிடம் என்ன சொன்னாள்? அதை எழுது. நீ சமாளித்ததை எழுதாதே, அவள் சொன்னதை எழுது.

சலோமி


தருமபுரம், காரைக்கால்
2 ஆகஸ்ட் 1982

சலோமிக்கு,

ஒதில் சொன்னது இது: "அம்மா, இது போய்விடும் என்று காத்திருக்காதே. போகாது. நான் இப்படித்தான்." அம்மா மீன் அறுப்பதை நிறுத்துவதில்லை. பதில் சொல்வதுமில்லை. பதினேழு வயதில் இவ்வளவு உறுதி எப்படி வரும் என்று எனக்குப் படம் மேலேயே சந்தேகம். அந்த வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தபோது யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, உன்னைத் தவிர. உன்னிடமும் நான் சொல்லவில்லை, நீதான் சொன்னாய்.

அல்போன்ஸ் பற்றி. தோழிகள் என்று அன்று சொல்லியிருந்தால், ஆறு மாதத்தில் உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள், உன் நல்லதுக்கென்று. செத்துப்போன அல்போன்ஸ் இருந்ததால்தான் நம் வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. அவன் நான் வாசலில் கட்டிவைத்த நாய். நாய்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

பொறாமை பற்றி நீ எழுதியதால் இதையும் எழுதுகிறேன். உனக்கு ஒருத்தி எண்ணெய் தேய்த்துவிடுகிறாள் என்று படித்த அன்று, ஒரே வகுப்புக்கு ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்தினேன். மாணவிகள்தான் எடுத்துச் சொன்னார்கள். அதற்குமேல் அதைப்பற்றி எழுத விரும்பவில்லை.

மற்ற செய்திகள். படத்தை மறுபடி போடச் சொல்லி அமுதம்மாவும் தெருப்பெண்களும் முசே சூசைமுத்துவைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். "அந்த அண்ணன் படத்த இன்னொருக்கா போடுங்க" என்றார்களாம். மாதா திருநாளன்று, ஆகஸ்ட் பதினைந்து, அதே திடலில் போடுகிறார்கள். மறுபடியும் நான்தான் மைக்கில்.

ஞானசௌந்தரியின் சொந்தக்காரர்கள் வீடு மாறுகிறார்கள். அவளுக்கு ஓர் இடம் வேண்டும். நீ ஏனாமிலேயே இருப்பதாக இருந்தால் உன் அறை சும்மாதானே கிடக்கும், அவளுக்குக் கொடுக்கலாமா என்று அமுதம்மா கேட்கிறாள். ஞானசௌந்தரிக்கும் விருப்பம் இருக்கிறது. உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜெயமேரி


ஏனாம்
9 ஆகஸ்ட் 1982

ஜெயமேரி,

நான் யார் என்பதை என்னைக் கேட்காமலே ஊருக்குச் சொன்னவள், அறையைக் கொடுக்க மட்டும் என்னைக் கேட்கிறாய். வராதே என்று எழுதக் கை வராமல், இன்னொருத்தியின் பெட்டியைக் காட்டுகிறாய். கொடு. தாராளமாகக் கொடு.

மூன்று வருடம் இங்கேயே இருக்கச் சம்மதம் என்று இன்று காலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வரலட்சுமி தன் வீட்டு மாடியை ஒழித்துத் தருகிறாள். சாவியும் கொடுத்துவிட்டாள்.

உன் நாயை நன்றாகப் பார்த்துக்கொள்.

சலோமி


தருமபுரம், காரைக்கால்
17 ஆகஸ்ட் 1982

சலோமிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை படம். நடந்ததை எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

முதல் தடவையைவிடக் கூட்டம் அதிகம். நிரவி, திருநள்ளாறு பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். துணிக்குப் பின்னால், போன தடவை வந்தவர்கள் வராதவர்களுக்கு முன்கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமுதம்மா அழுவதற்கென்றே ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. குறிப்பைக் கையில் எடுக்கவில்லை. படகுத்துறை வந்தது. ஒதில் முத்தமிட்டாள். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நேசிக்கிறாங்க" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

காத்திருந்து பார்த்தார்கள். "அண்ணனச் சொல்லலையே." "டீச்சர் மறந்துட்டாங்க." நான் மறந்தால் என்ன, அவர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "அவ அண்ணன் சைகோன்ல இருக்கான். கடேசில தந்தி வரும் பாரு." மைக்கைவிட அவர்கள் சத்தம் பெரிதாக இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் என் உதவி இல்லாமலே அண்ணன் செத்திருப்பான். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேல் இல்லை. "அண்ணன் கெடையாது. போன தடவ நான் சொன்னது பொய். இவளுக்கு அண்ணனே இல்ல. இந்த ரெண்டு பேர்தான் கதை" என்றேன்.

முன்னால் சிலர் எழுந்தார்கள். கோயில் கமிட்டி அந்தோணிமுத்து, "மைக்க நிறுத்துங்க, பொம்பளைங்க பாக்குற எடம் இது" என்றார். முசே சூசைமுத்துவும் எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இன்னும் முன்னால் வந்து, எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மெடலோடு. மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதிப்பேர் போனார்கள், பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். ஒதில் அம்மாவிடம் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். "அந்தம்மா பதிலே பேசலையே" என்றாள் பின்னால் ஒருத்தி. "என்னாத்தப் பேசும்? கேட்டுக்கிச்சுல்ல" என்றாள் இன்னொருத்தி.

அமுதம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் சண்டை பிடித்தாள். "எனக்கு அழுகையே வரல. போன வாட்டி எவ்வளவு நல்லா இருந்துச்சு! ஏன் டீச்சர் கெடுத்தீங்க?"

"எனக்கும் அண்ணன் இல்ல அமுதம்மா."

"அதான் தெரியுமே, அல்போன்சு போய்ட்டாருல்ல."

"போகல. பொறக்கவே இல்ல."

நின்றுவிட்டாள். அக்குளில் இருந்த பாயை மறு அக்குளுக்கு மாற்றினாள். "அப்ப சலோமி டீச்சர் ஒங்களுக்கு யாரு?"

சொன்னேன்.

அவள் தெருமுனைவரை முன்னால் நடந்தாள். பிறகு, "நாகூருல ஒரு வாட்டி, ஒங்க மாதா கோயில்ல ஒரு வாட்டி, அந்த ஆத்மா அடங்கணும்னு வேண்டிகிட்டேனே டீச்சர்" என்றாள். அவள் குரலில் இருந்தது கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேற்று முழுதும் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் வாசலில் நின்று, "அந்த ரூம யாருக்கும் குடுக்கறதா இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நாளை வீட்டையே காலி செய்யச் சொல்லலாம். ஞானசௌந்தரி வேறு இடம் பார்த்துக்கொள்வாள். அவளிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஆரம்பத்திலேயே தெரியும் என்றாள். எனக்கு மட்டும்தான் அது ரகசியமாக இருந்திருக்கிறது.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். அதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று தெரியாது. இருந்தால் பெற்றுக்கொள். எனக்கு நீ இங்கே வேண்டும். நான் சொல்லித்தான் வந்தாய் என்று பின்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் குத்திக்காட்டு.

ஜெயா


ஏனாம்
22 ஆகஸ்ட் 1982

அடி ஜெயா,

எல்லாம் எழுதியிருக்கிறாய். கூட்டம் எங்கிருந்து வந்தது, யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள், அமுதம்மா பாயை எந்த அக்குளிலிருந்து எந்த அக்குளுக்கு மாற்றினாள். நான் யார் என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு உன் பதில்: "சொன்னேன்." ஒரே ஒரு சொல். என்னடி சொன்னாய்?

திருச்சி ஹாஸ்டலிலிருந்து நான் காத்துக்கொண்டிருக்கும் வாக்கியம் அது. அதை முதலில் கேட்டவள் வீட்டுக்கார அமுதம்மா! சுண்டல் தின்றுகொண்டு, படம் நன்றாயில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டு! என் வயிறு எரிகிறது. ஞானசௌந்தரியை விட்டுவிட்டேன், பாவம், சின்னப்பெண். உன் அண்ணனையும் விட்டுவிட்டேன். அமுதம்மாவை விடமாட்டேன். அவள் காதைப் பிடித்துத் திருகி அந்த வாக்கியத்தை வெளியே எடுக்கவேண்டும் போலிருக்கிறது.

வரலட்சுமி ஏன் அழுகிறாய் என்று சைகையில் கேட்டாள். உன் கடிதத்தைக் காட்டினேன். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனாலும் மாடிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முகம் கொஞ்சம் வாடியது. உனக்கு அது பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன்.

கொடுத்த சம்மதத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. இந்த மாதத்துக்குள் நானே புதுச்சேரி அலுவலகத்துக்குப் போய் எழுதித் தரவேண்டும். விடுப்பு வாங்கிவிட்டேன். காக்கிநாடாவில் ரயிலேறி மெட்ராஸ், அங்கிருந்து வெள்ளிக்கிழமை பஸ். வழியில் பஸ் புதுச்சேரியில் நின்றுதான் வரும். அலுவலகம் அங்கிருந்து நடக்கும் தூரம். நான் இறங்கமாட்டேன். முதலில் காரைக்கால்.

சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு வா, தனியாக. ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள், இருக்கட்டும். அமுதம்மாவிடம் சொன்னதை ஒரு சொல் குறையாமல் என் முகத்தைப் பார்த்துச் சொல். திங்கட்கிழமை நான் புதுச்சேரியில் இறங்குவதா, அதைத் தாண்டி ஏனாமுக்கே போவதா என்பதைக் கேட்ட பிறகு சொல்கிறேன்.

கடிகாரத்தைப் பற்றிப் பேசினாயோ, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

சலோமி